முதல் கணினி: ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் 'சிபியு ஃபேன் எரர்'

ஈசூன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கடையில் சொல்லிச் செய்யாமல், பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்த முதல் கணினி இது. ஓடுகிறது, விண்டோஸ் ஏற்றியாயிற்று, கேமும் விளையாட முடிகிறது. ஃபேன் மட்டும்தான் தலைவலி. அதுவும் மூன்று விதமான தலைவலி. மூன்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனிக் காரணமா என்று பிடிபடவில்லை.

உள்ளே இருப்பவை: ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு. ப்ராசசர் பெட்டியிலேயே ஒரு குட்டி கூலர் வந்தது, அதைப் போடவில்லை, இரண்டு ஃபேன் உள்ள டவர் கூலர் தனியாக வாங்கினேன். கேசிங்கில் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, நான்கு ஃபேனும் கேசிங்கோடு வந்தவை. கூடவே, பவர் சப்ளையின் சாட்டா ஒயரிலிருந்து மின்சாரம் எடுத்துப் பல ஃபேனுக்குப் பிரித்துத் தரும் ஹப் ஒன்றும் வந்தது. நான்கு ஃபேனும் இப்போது அந்த ஹப்பில்தான் இருக்கின்றன, ஹப்பிலிருந்து ஒரு ஒயர் போர்டில் கேஸ் ஃபேன் 1 என்று போட்டிருக்கும் இடத்துக்குப் போகிறது. கூலரின் இரண்டு ஃபேனும் கூலர் பெட்டியில் வந்த ஒய் கேபிளில் (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயர்) சேர்ந்து போர்டின் சிபியு (ப்ராசசர்) ஃபேன் பின்னுக்குப் போகின்றன.

முதல் தலைவலி: சுவிட்ச் போட்டதும் சில நேரம் கறுப்புத் திரையில் 'சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்' என்று வந்து நின்றுவிடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு ஃபேனும் ஜோராகச் சுற்றுகின்றன! பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் வரும் போர்டின் செட்டிங் திரை) போய்ப் பார்த்தால் சிபியு ஃபேன் வேகம் சில நேரம் 0, சில நேரம் ஆயிரத்துச் சொச்சம். கேசிங்கை மேசைக்கடியில் நகர்த்தி வைத்த பிறகு அதிகமாக வருகிறதோ என்று ஒரு சந்தேகம், ஆனால் அது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது: கேசிங் ஃபேன் நான்கும் எந்நேரமும் முழு வேகம். பயாஸில் 'சைலன்ட்' வைத்தாலும், சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் காட்டும் கோட்டை இழுத்துக் கீழே விட்டாலும் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டி பக்கத்து அறையிலிருந்து "என்னடா அது, விமானம் ஏறப் போகுதா" என்று கேட்கிறார்.

மூன்றாவது: கூலர் ஃபேன், ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே விர்ரென்று ஏறி, உடனே இறங்கி, மறுபடி ஏறுகிறது. சும்மா இருக்கும்போது 48 டிகிரி, கேமில் 70 பக்கம், சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் 82. இது அதிகமா? யூடியூபில் இதே கூலருக்கு 70க்குள் காட்டுகிறார்கள்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டை மறுபடி போட வேண்டுமா? கூலரின் அடித்தகட்டில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டேன், அதைக் கேட்க வேண்டாம் 😅

---

தண்ணி_கூலர்:

ப்ரோ, ஏர் கூலர் எல்லாம் நம்ம ஊர் வெயிலுக்குச் சரிவராது. 240 சைஸ் வாட்டர் கூலர் ஒன்று வாங்கிப் போடுங்கள், நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. சத்தமும் போகும், சூடும் போகும். சிபியு ஃபேன் எரருக்கு பயாஸில் 'இக்னோர்' என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

---

பழைய486:

வந்து ஒரு கேள்வி கேட்ட பையனிடம் முதல் பதிலிலேயே நூறு வெள்ளியா?

தம்பி, முதலில் சூட்டைப் பற்றிய பயத்தை விடு. ரைசன் 7600க்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. எவ்வளவு அழுத்தினாலும் அது இழுக்கும் மின்சாரம் 88 வாட்டோடு நிற்கும். சினிபெஞ்சில் 82 என்றால் வரம்புக்கு இன்னும் 13 டிகிரி மிச்சம். சினிபெஞ்ச் மாதிரி ஆறு கோரையும் ஒரேயடியாக நசுக்கும் வேலையை நீ அன்றாடம் செய்யப் போவதும் இல்லை.

யூடியூப் எண்ணோடு ஒப்பிடாதே. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி அறையில் நடப்பவை. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்கான் இல்லாத அறை 30, 31 இருக்கும். கூலர், ஏர் கூலராக இருந்தாலும் வாட்டர் கூலராக இருந்தாலும், அறையின் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது, அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. அறை 9 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறக்குறைய 9 டிகிரி கூடும். உன் 82லிருந்து அந்த 9ஐக் கழித்துப் பார், 73 வருகிறது, யூடியூப்காரனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய். ஏர்கான் போட்டு, அறை குளிர்ந்த பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் நீயே நம்புவாய். பேஸ்ட்டைத் தொடாதே.

அந்த 'இக்னோர்' விஷயமும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஃபேன் உண்மையாகவே ஒரு நாள் நின்றால் உனக்குச் சொல்ல ஆள் இருக்காது. ப்ராசசர் எரிந்துவிடாது, சூடு வரம்பைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் கணினியே அணைந்துவிடும். ஆனால் "கேம் ஏன் திக்குகிறது" என்று ஒரு வாரம் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பாய்.

---

ஒட்டுவேலை:

ஈசூன் தம்பி, நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்றும் தனித்தனிப் பிரச்சினை, குழப்பிக்கொள்ளாதே.

முதலில் அந்த எரர். போர்டுக்குக் கண் கிடையாது. ஃபேன் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரிவது ஒரே ஒரு ஒயரால்தான். நான்கு பின் ஃபேனில் ஒன்று கிரவுண்டு, இரண்டு 12 வோல்ட், மூன்று வேகத்தைத் திருப்பிச் சொல்லும் ஒயர், நான்கு 'இந்த வேகத்தில் ஓடு' என்று போர்டு கட்டளை அனுப்பும் பிடபிள்யூஎம் ஒயர். மூன்றாவது ஒயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1200 சுற்று) என்றால் வினாடிக்கு 40 துடிப்பு, போர்டு அதை எண்ணி வேகத்தைக் காட்டும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்கிற மாதிரிதான். பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம், வாயைத் திறக்காவிட்டால் ஆப்சென்ட். மற்ற மூன்று ஒயரும் நன்றாக இருந்தால் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், வேகமும் ஏறி இறங்கும், போர்டு மட்டும் 0 என்று சாதிக்கும். உன் கணினியில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன், அதுவும் நகர்த்தினால் வருகிறது என்கிறாயே, அது மனப்பிராந்தி இல்லை, எங்கோ தளர்வு இருக்கிறது.

ஒய் கேபிளைக் கையில் எடுத்துப் பார். ஃபேன் சொருகும் இரண்டு முனையில் ஒன்றில் நான்கு பின் இருக்கும், மற்றதில் மூன்றாவது பின் வேண்டுமென்றே இருக்காது. இரண்டு ஃபேனும் ஒரே நேரத்தில் துடிப்பு அனுப்பினால் போர்டு குழம்பும் என்பதால் ஒன்றின் வேகத்தை மட்டும் எடுத்துப் போவார்கள். ஆக, நான்கு பின் உள்ள முனையில் எந்த ஃபேன் இருக்கிறதோ அது பேசினால்தான் போர்டுக்குக் கேட்கும்.

செய்ய வேண்டியது: சுவரில் பிளக் சுவிட்சை அணை, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்று. பிறகு ஒய் கேபிளில் அந்த இரண்டு ஃபேனையும் இடம் மாற்றிச் சொருகு. வேகம் ஒழுங்காக வந்தால் ஒய் கேபிள் நல்லது, முன்பு அந்த முனையில் இருந்த ஃபேனின் மூன்றாவது ஒயரில்தான் கோளாறு. அப்படியும் 0 என்றால் கேபிளை எடுத்துவிட்டு ஒரு ஃபேனை நேராக சிபியு ஃபேன் பின்னில் போடு. அதிலும் 0 என்றால்தான் போர்டைச் சந்தேகப்படலாம், அது மிக அபூர்வம். மல்ட்டிமீட்டர் முனையை மின்சாரம் ஓடும்போது அந்தப் பின்களுக்குள் விடாதே, 12 வோல்ட்டும் கிரவுண்டும் அடுத்தடுத்து 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, கை கொஞ்சம் சறுக்கினால் போர்டிலேயே ஷார்ட்.

இன்னொன்றையும் பயாஸில் பார்த்துவிடு. சில போர்டுகளில் சிபியு ஃபேனுக்குக் குறைந்தபட்ச வேக வரம்பு ஒன்று இருக்கும், 600 என்றோ 200 என்றோ. நீ 'சைலன்ட்' வைத்து ஃபேன் 500ல் ஓடினால் 600 வரம்புள்ள போர்டு நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு இதே எரரைத் தரும். உனக்கு 0 என்றே காட்டுவதால் அது காரணமில்லை என்று தோன்றுகிறது, ஆனாலும் பார்.

இரண்டாவது தலைவலிக்கு ஒரு கேள்வி: கேசிங் ஃபேன் ஒயரின் முனையில் எத்தனை ஓட்டை? மூன்றா நான்கா? ஃபேன் மோட்டார் மேல் ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?

---

தண்ணி_கூலர்:

@பழைய486 சரி சரி, கோபப்படாதீர்கள் அண்ணே. என் வீட்டில் வாட்டர் கூலர் போட்ட பிறகு நிம்மதி, அதனால் சொன்னேன்.

---

பழைய486:

கோபம் இல்லை. ஆனால் அதிலும் ஃபேன் உண்டு, பம்ப்பும் உண்டு, இரண்டுக்கும் இதே மூன்றாவது ஒயர்தான். பம்ப்பைத் தெரியாமல் சிபியு ஃபேன் பின்னில் போட்டு, போர்டு அதையும் ஃபேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஓடாமல் சூடேறிய கேஸ்கள் இந்தப் பக்கமே நிறைய வந்திருக்கின்றன. 88 வாட்டுக்கு அத்தனை ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

---

ஈசூன்காரன்:

அண்ணன்களுக்கு நன்றி. கேசிங் ஃபேன் எல்லாவற்றுக்கும் மூன்று ஓட்டைதான். ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.18 ஆம்பியர். ஹப்பில் இருக்கும் பின்கள் நான்கு, ஃபேன் மூன்றில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் ஒன்று காலியாகத் தெரிகிறது. போர்டில் கேஸ் ஃபேன் இடம் மூன்று இருக்கின்றன, அது தவிர சிபியு ஆப்ட் என்று ஒன்று.

கூலர் ஃபேன்களை இடம் மாற்றினேன். வேகம் வருகிறது! அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், கேசிங்கை வேண்டுமென்றே உலுக்கியும் பார்த்தேன், எரர் வரவில்லை. அப்படியானால் முதலில் இருந்த ஃபேன் கெட்டுப்போனதா? கூலர் வாங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

---

ஒட்டுவேலை:

கெட்டுப்போனது என்று இப்போதே முடிவு கட்டாதே. அந்த ஃபேனைக் கழற்றி அதன் கனெக்டரை விளக்கடியில் வைத்து முன்பக்கத்திலிருந்து பார். நான்கு ஓட்டைக்குள்ளும் நான்கு உலோகத் தகடு ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று உள்ளே தள்ளிப் போயிருந்தால் அதுதான் ஆள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒவ்வொரு ஒயர் முனையையும் ஒரு சின்ன நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும், கனெக்டரின் ஒரு பக்கத்தில் உள்ள சதுர ஜன்னல்களில் அந்த நாக்குகள் தெரியும். தொழிற்சாலையில் சரியாகக் கொளுவாமல் விட்டுவிட்டால், போர்டில் சொருகும்போது அந்த ஒன்று மட்டும் பின்னால் நழுவிவிடும். தொட்டும் தொடாமலும் இருக்கும், அதனால்தான் ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது.

பழைய ஃபேன்களில் நிறத்தை வைத்தே சொல்லலாம், மூன்று பின் ஃபேனில் மஞ்சள்தான் வேகம் சொல்லும் ஒயர், நான்கு பின் ஃபேன் பலவற்றில் பச்சை. இப்போது அழகுக்காக எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டார்கள், எண்ணித்தான் பார்க்க வேண்டும். கனெக்டரின் பிளாஸ்டிக்கில் மேடான இரண்டு கோடு இருக்கும், அந்தக் கோட்டுப் பக்கம் ஓரத்தில் இருப்பது கிரவுண்டு, அங்கிருந்து மூன்றாவது.

உன் இரண்டாவது பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது. நான்கு பின் ஃபேனின் வேகத்தைப் போர்டு நான்காவது ஒயரில் கட்டளை அனுப்பித்தான் குறைக்கிறது, 12 வோல்ட் அப்படியே இருக்கும். மூன்று பின் ஃபேனுக்கு அந்த ஒயரே இல்லை, அதன் வேகத்தைக் குறைக்க ஒரே வழி வோல்ட்டைக் குறைப்பது. உன் ஹப் சாட்டாவிலிருந்து நேராக 12 வோல்ட்டை எடுத்து எல்லா ஃபேனுக்கும் கொடுக்கிறது, போர்டு அனுப்பும் கட்டளையை நான்காவது பின்னில் மட்டும் பிரித்துவிடுகிறது. கேட்க அங்கே ஆளில்லை. பயாஸில் நீ தலைகீழாக நின்றாலும் அவை முழு வேகத்தில்தான் ஓடும். மூன்று பின் ஃபேன்களையும் பிடபிள்யூஎம் ஹப்பையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பவர்களை என்னவென்று சொல்வது, பெட்டியின் மேல் 'ஃபேன் ஹப் உண்டு' என்று எழுதலாம், அவ்வளவுதான்.

ஹப்பைக் கழற்றி டிராயரில் போடு. முன்பக்க மூன்றை, ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் கேபிள் ஒன்று வாங்கி கேஸ் ஃபேன் 1ல் போடு. போர்டின் ஒரு ஃபேன் இடம் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள். உன்னுடையது மூன்றும் சேர்ந்து 0.54, தாராளம். பின்பக்க ஃபேனை கேஸ் ஃபேன் 2ல் தனியாக. பிறகு பயாஸில் அந்த இரண்டு இடத்தையும் 'டிசி' (வோல்ட்டைக் குறைக்கும் முறை) என்று மாற்று, 'ஆட்டோ' என்றிருந்தால் போர்டே கண்டுபிடிக்கும், ஆனால் நான் ஆட்டோவை நம்புவதில்லை. சிபியு ஃபேனை மட்டும் 'பிடபிள்யூஎம்'மில் விடு. மாற்றிப் போட்டுவிடாதே: நான்கு பின் ஃபேனை டிசியில் ஓட்டினால் குறைந்த வோல்ட்டில் கிளம்பத் திணறும்.

டிசியில் 40 சதவீதத்துக்குக் கீழே இறக்காதே. 40 என்றால் ஏறக்குறைய 5 வோல்ட், அதற்கும் கீழே சில ஃபேன் தொடங்கவே தொடங்காது, சும்மா டிக் டிக் என்று முனகும்.

---

செங்காங்_அக்கா:

குறுக்கே வருகிறேன். அந்தக் கூலரின் ஃபேன் சரியாகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்காதே தம்பி. இங்கே சிங்கப்பூரில் லெமன் சட்டம் என்று ஒன்று 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு, தரும்போதே இருந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுது பார்த்துத் தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும், அது முடியாவிட்டால் விலைக்குறைப்பு, பணம் திருப்பித் தருவது என்று போகும். "கம்பெனிக்கு எழுதுங்கள்" என்று கடைக்காரர் கையைக் கழுவப் பார்ப்பார், விற்றவர் அவர்தான் என்று மரியாதையாகச் சொன்னால் பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுவார்கள். ரசீதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள், அந்த மெல்லிய தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும்.

அப்புறம், கணினியை எங்கே வைத்திருக்கிறாய்? எங்கள் வீட்டில் பையனுடைய கணினி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. ஃபேன் இறக்கையில் படிந்தது தூசி இல்லை, பிசுக்கு, பிரஷ்ஷால் தட்டினால் போகவே இல்லை, ஈரத்துணியால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்க வேண்டியிருந்தது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே காகிதம் எரிக்கும்போது சாம்பல் மேலே மிதந்து வருமே, சன்னலோரம் முன்பக்க ஃபேன் இருந்தால் அத்தனையும் வடிகட்டியில்தான் உட்காரும்.

---

பழைய486:

அக்கா சொன்னதோடு ஒன்று: ஊதித் துடைக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊது. புளோவரின் காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங்குக்கு ஆகாது. கணினி அணைந்திருக்கும்போதுதான், சொல்ல வேண்டியதில்லை.

---

ஈசூன்காரன்:

அக்கா, கணினி என் அறையில்தான், சாமி மேடை ஹாலில். ஆனால் சன்னலோரம், அதை மாற்றுகிறேன்.

ஒட்டுவேலை அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே! போன் டார்ச்சில் பார்த்தேன். மூன்று தகடு பளபளவென்று முன்னால் தெரிகின்றன, மூன்றாவது ஓட்டை மட்டும் இருட்டு. ஒயரைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளினால் தகடு முன்னால் வருகிறது, விட்டால் திரும்பிப் போகிறது. பக்கத்து ஜன்னலில் மற்ற மூன்றுக்கும் நாக்கு மேலே எழும்பியிருக்கிறது, இதில் மட்டும் தட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. இதை நானே சரிசெய்யலாமா, இல்லை அக்கா சொன்னபடி கடைக்குப் போகவா? ஆன்லைனில் வாங்கியது, திருப்பி அனுப்பினால் கூலர் முழுவதையும் கழற்ற வேண்டும், அதுவரை கணினி ஓடாது.

---

ஒட்டுவேலை:

கூலரைக் கழற்றாதே. ஃபேன் கம்பிக் கிளிப்பில்தான் நிற்கிறது, ஃபேன் மட்டும் தனியாக வரும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதென்றாலும் அந்த ஒரு ஃபேனைக் கேள், அதுவரை மற்றொரு ஃபேனிலேயே ஓட்டலாம், 88 வாட்டுக்கு ஒன்று போதும், இரண்டு மூன்று டிகிரிதான் கூடும்.

சரிசெய்வதும் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கோளாறைப் படம் எடுத்து விற்றவருக்கு முதலில் அனுப்பிவிடு, கையை வைத்த பிறகு "நீதான் உடைத்தாய்" என்பார்கள். அவர்கள் சரி என்றால் இப்படிச் செய்: ஃபேன் போர்டில் இல்லாதபோது, அந்த முனையைப் பின்பக்கமாக முழுவதும் வெளியே இழு, நாக்கு நசுங்கியிருப்பதால் எளிதாக வரும். ஊசி முனையால் நாக்கைக் கொஞ்சம் நெம்பி மேலே எழுப்பு. கொஞ்சம்தான், அளவு மீறினால் ஒடிந்துவிடும். நாக்கு ஜன்னல் பக்கம் பார்த்தபடி திரும்ப உள்ளே தள்ளு, டிக் என்று மாட்டும். பிறகு ஒயரை லேசாக இழுத்துப் பார், வரக்கூடாது. ஒடிந்துவிட்டால் சிம் லிம் ஸ்குவேருக்கு எதிரே சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் இந்த வகை முனைகள் கிடைக்கும், ஆனால் அதைக் கிரிம்ப் செய்ய (ஒயரில் நெரித்துப் பொருத்த) கருவி வேண்டும், அந்தக் கட்டத்துக்குப் போனால் ஃபேனை மாற்றிக் கேட்பதே மேல்.

திரும்ப மாட்டும்போது ஒய் கேபிளையே விட்டுவிடலாம். கூலரின் இரண்டாவது ஃபேனுக்கென்றே உன் போர்டில்தான் சிபியு ஆப்ட் இருக்கிறதே. ஒரு ஃபேனை சிபியு ஃபேனிலும் மற்றதை சிபியு ஆப்டிலும் தனித்தனியாகப் போடு. இரண்டின் வேகமும் தனித்தனியாகத் தெரியும், பின்னால் எது நின்றாலும் உடனே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே பக்கம் ஊதுகின்றனவா என்றும் பார்த்துக்கொள், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், இரண்டிலும் அது கேசிங்கின் பின்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

---

ஈசூன்காரன்:

விற்றவரிடமிருந்து பதில் வந்தது, புது ஃபேனே அனுப்புகிறார்களாம், பழையதைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பழையதை ஊசியால் நெம்பிச் சரிசெய்து போட்டாயிற்று, சிபியு ஃபேன் 1130, ஆப்ட் 1145 என்று காட்டுகிறது. புதியது வந்தால் உபரி.

கேசிங் ஃபேன்களையும் ஹப்பிலிருந்து மாற்றிவிட்டேன், டிசியில் 50 சதவீதம் வைத்தால் சத்தமே கேட்கவில்லை. மிச்சம் மூன்றாவது தலைவலி ஒன்றுதான், அந்த ஏற்ற இறக்கம். கோட்டை எப்படி வைப்பது? எண்களாகவே சொன்னால் நல்லது.

---

ஒட்டுவேலை:

அது ஃபேனின் குற்றமே இல்லை. இந்தத் தலைமுறை ரைசன் ஒரு கோரை 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் தூக்கி ஒரு நொடி வேலை பார்த்துவிட்டு இறக்கிவிடும். டேப் திறந்தால் 48லிருந்து 62க்குக் குதிக்கும், அடுத்த நொடி 50. போர்டு அந்தக் குதிப்பை எல்லாம் நம்பி ஃபேனை விரட்டுகிறது. கூலரின் உலோகம் சூடாகவே அவகாசம் இல்லை, அதற்குள் ஃபேன் ஏறி என்ன பயன்.

சிபியு ஃபேனுக்கு 65 டிகிரி வரை ஒரே நேர்கோடு, 35 சதவீதம். 75ல் 55, 85ல் 80, 90ல் 100. கோடு 65க்கு முன்னால் அசையவே கூடாது, அதுதான் முக்கியம், மீதி எண்கள் உன் காதுக்கு ஏற்ப. பிறகு 'ஸ்டெப் அப்' என்றோ 'ஸ்மூதிங்' என்றோ ஒரு நேரம் கேட்கும், ஏறுவதற்கு 3, 4 வினாடி, இறங்குவதற்கு அதைவிட அதிகம் வை.

கேசிங் ஃபேனுக்கு சிபியு சூட்டைக் காட்டாதே, அதே ஆட்டம் அங்கேயும் வரும். பயாஸில் 'மதர்போர்டு' சூட்டைத் தேர்ந்தெடு, மெதுவாகத்தான் ஏறும். கேம் விளையாடும்போது கேசிங்குக்குள் சூட்டைக் கொட்டுவது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான், அதன் சூடு பயாஸுக்குப் பொதுவாகத் தெரியாது. விண்டோஸில் 'ஃபேன் கன்ட்ரோல்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் முன்பக்க மூன்றை கார்டு சூட்டோடு கட்டிவிடலாம். 50 டிகிரி வரை 45 சதவீதம், 75ல் 80. அது ஓடாத நேரத்தில் பயாஸ் கோடு வேலை செய்யும், அதனால் பயாஸையும் ஒழுங்காக வைத்துவிட்டு அப்புறம் இதைப் போடு.

---

தண்ணி_கூலர்:

65 வரை நேர்கோடு, இதை என் ரேடியேட்டர் ஃபேனுக்கும் வைத்துப் பார்த்தேன். ராத்திரி நல்ல அமைதி. ஒட்டுவேலை அண்ணே, பம்ப்பை எந்த எண்ணில் விடுவது?

---

ஒட்டுவேலை:

பம்ப்புக்குக் கோடு வேண்டாம். போர்டில் ஏஐஓ (வாட்டர் கூலர்) பம்ப் என்று தனி இடம் இருந்தால் அதில் போட்டு 100லேயே விடு. அப்படிப் போட்டால் சிபியு ஃபேன் பின்னில் ரேடியேட்டர் ஃபேன் ஒன்றாவது இருக்க வேண்டும், காலியாக விட்டால் தம்பிக்கு வந்த அதே எரர் உனக்கும் வரும்.